நூற்கட்டையும் கயிறும்

மனிதனுடைய இயல்பு எப்போது உருவாகத் தொடங்குகிறது? பேச்சு வருவதற்கு முன்பே என்பது உளப்பகுப்பாய்வு அறிஞர் தரும் விடை. தாய் அருகில் வருவதும் அகன்று போவதுமே குழந்தை மனத்திற்கு முதற் பாடம் என்பர். இதுபற்றி அவர்கள் எழுதிய நூல்கள் பல. கடினமானவை அவற்றுள் மிகுதி. அவற்றை ஒதுக்கிவிட்டு இரண்டு சிறுவர்களின் வரலாற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். ஒருவன் கையிலிருந்தது நூற்கட்டை. மற்றவன் கையிலிருந்தது கயிறு. ஆலையில் பல்லாண்டு அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு இவை கண்ணிற்பட்டது வியப்பன்று.

வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) தாம் 1920-இல் வெளியிட்ட நூலொன்றில் ஒன்றரை வயதுச் சிறுவனைப் பற்றி எழுதுகிறார். அவன் அவருடைய மகள் சோபியின் மகன், பெயர் எர்ன்ஸ்ட். பாட்டனார் அவ்வீட்டில் சில வாரம் தங்கியபோது நேரிற் கண்டவை இவை. சிறுவன் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவன். பாலூட்டி வளர்த்தவள் தாயே. அவள்மீது பேரன்பு கொண்டிருந்தும், அவள் சில மணி நேரம் வெளியே சென்றால் அவன் அழமாட்டான். ஆனால் ஒரு பழக்கம் உண்டு. கைக்கு அகப்பட்ட சிறு பொருளையெல்லாம் மூலையிலும் கட்டிலின் அடியிலும் வீசி எறிந்து, ‘ஓ’ என்று நீட்டி ஒலிப்பான். ‘போய்விட்டது’ என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லையே அவன் கூற முயல்வதாகத் தாயும் பாட்டனாரும் கருதினர்.

ஒரு நாள் கயிறு கட்டிய நூற்கட்டையொன்று அவனுக்குக் கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் அதைத் தரையில் வண்டிபோல் இழுத்திருப்பர். இவனோ திரையிட்ட தன் தொட்டிலுக்குள் அதை எறிந்தான். கட்டை மறைந்தது, ‘ஓ’ என்றான். பின் கயிற்றைப் பற்றி இழுத்தான், கட்டை வெளிப்பட்டது, ‘இதோ’ என்று மகிழ்ந்தான். தாய் போவதையும் வருவதையும் தடுக்க இயலாத குழந்தை, அப்போக்குவரவைத் தன் கைப்பிடிக்குள் கொண்டுவந்தது என்பது பிராய்டின் விளக்கம். ‘நீ என்னை விட்டுப் போவதென்ன, நானே உன்னை அனுப்புகிறேன்’ என்னும் பழிவாங்கும் உணர்வும் கலந்திருக்கலாம் என்றார். ஒரே குழந்தை, அதுவும் சொந்தப் பேரன். இதைக் கொண்டு உலகத்துக் குழந்தைகள் அனைவருக்கும் விதி வகுக்க முடியாதுதான். ஆயினும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார்.

தாயைத் தடுக்காமல் போகவிட்டது அக்குழந்தையின் பெரியதொரு துறப்பு என்றும் பிராய்டு கூறுகிறார். துறவைப் பற்றியும் பற்றறுத்தலைப் பற்றியும் அடிக்கடி கேட்டுவரும் நம் அன்பர்கள், ‘அழாத குழந்தை பற்றை விடத் தொடங்கிவிட்டதோ?’ என்று வினவலாம். அன்று. துயர் ஒழியவில்லை, நூற்கட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. வேலைக்குச் செல்லும் தாய்மார், குழந்தை அறியாமல் பின்வாசல் வழியே நழுவிப் போவது தொழிலாளர் குடியிருப்புகளில் நாம் காணும் வழக்கமே. நல்லெண்ணத்தால் செய்வதுதான். எனினும் சொல்லிவிட்டுப் போதலே நன்று என்பேன். அழுதால் அழட்டும். போன தாய் மாலையில் திரும்புவாள் என்பதைக் குழந்தை பல நாள் கண்டன்றோ நம்ப வேண்டும்? பொருள்களை எறிகிறான் என்று கையோங்குவோரும் சற்றுப் பொறுக்க.

இனி மற்றவன். இலண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய டொனால்டு வின்னிகாட் (1896–1971) என்பவரிடம் 1955-இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்தனர். வீட்டில் நாற்காலியையும் மேசையையும் கயிற்றால் பிணைத்துவிடுவான். தலையணையைக் கணப்படுப்போடு கட்டிவைத்தான். இறுதியில் தங்கையின் கழுத்தில் கயிற்றைச் சுற்றினான், பெற்றோர் நடுங்கிப்போயினர். அத்தங்கை பிறந்தபோதுதான் தாய் அவனை முதன்முதற் பிரிந்தாள். பிறகு அறுவை மருத்துவத்திற்காகவும், மனச்சோர்வு நோய்க்காக இரண்டு மாதமும் பிரிந்திருந்தாள். பிரிவை இல்லையென்று ஆக்கவே அவன் கட்டுகிறான் என்று வின்னிகாட் தாய்க்கு உரைத்தார். அவள் முதலில் நம்பவில்லை. பின்பு ஒரு நாள் மகனிடமே அதைப் பேசினாள். அவன் ஆவலோடு பேசினான். கயிற்று விளையாட்டும் நின்றது.

இவ்வளவோடு கதையை முடித்திருந்தால் கேட்போருக்கு இனிக்கும். வின்னிகாட் அப்படி முடிக்கவில்லை. தாய்க்கு நோய் திரும்பியபோது கயிறும் திரும்பியது. அச்சிறுவனைக் குணப்படுத்த இயலவில்லை என்றும், வளர்ந்தபின் போதைப் பொருளுக்கு அடிமையானான் என்றும் 1969-இல் அவரே எழுதிச் சேர்த்தார். மருத்துவர் ஒருவர் இவ்வாறு எழுதுவது அரிது. அவர் நூல்களை நான் நம்பிப் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நூற்கட்டைச் சிறுவனின் கயிறு தளர்ந்தும் இறுகியும் ஓடியது. இவனுடையதோ முடிச்சாகவே நின்றுவிட்டது. தாய் திரும்பி வருவாள் என்பது முன்னவனுக்குத் தெரிந்திருந்தது. இவனுக்கு அந்த உறுதி வாய்க்கவில்லை.

எர்ன்ஸ்டின் தாய் சோபி 1920-ஆம் ஆண்டு சனவரியில் இறந்தாள். அவனுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. துயரக் குறி எதுவும் காட்டவில்லை என்று பாட்டனார் குறித்திருக்கிறார். அவன் வளர்ந்து தானும் உளப்பகுப்பாய்வாளர் ஆனான். குறைமாதத்தில் பிறந்து, தாயின் மடியைப் பிரிந்து மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கும் சிசுக்களைப் பற்றி ஆராய்வதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டு, 2008-இல் மறைந்தான்.