கடைக் கொட்டேஷனை மடித்து வையுங்கள், தம்பி

அன்புள்ள விருதுநகர்த் தம்பிக்கு,

உங்கள் கடிதமும், கூடவே அனுப்பியிருந்த கடைக் கொட்டேஷனும் கிடைத்தன. கல்லூரியில் கடைசி வருஷம், பகுதிநேர வேலையில் சேர்த்த ஐம்பதாயிரம் ரூபாய், வீட்டில் 2018-இல் அசெம்பிள் செய்த கணினி. “பழசைத் தள்ளிவிட்டு இந்த செட்டை வாங்கிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். வாங்க வேண்டாம். ஏன் வேண்டாம், அந்தப் பணத்தை எதில் போடலாம் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

முதலில் அந்தக் கொட்டேஷன். ஐ5-12400எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, எட்டு ஜிபி ராம் ஒன்று, வண்ண விளக்கு ஃபேன் நான்கு வைத்த கண்ணாடி கேபினெட், கடைசியாக ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. பிராசசருக்கு மாடல் எண் போட்டிருக்கிறார்கள், போர்டுக்கும் போட்டிருக்கிறார்கள். கேமுக்கு உயிர்நாடியான கார்டுக்கு மட்டும் பெயரே இல்லை. 2014-இல் வந்த ஜிடி 730 கார்டு ‘4 ஜிபி’ என்ற ஸ்டிக்கரோடு இன்னமும் புதுப் பெட்டியில் விற்கிறது. அது டிடிஆர்3 வகையாக இருந்தால் அதன் நினைவகம் நொடிக்கு முப்பது ஜிபியைக்கூடக் கடத்தாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் நான்கு ஜிபிதான். அது கடத்துவது நொடிக்கு 112 ஜிபி. அதாவது, புதுசு என்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வீட்டில் இருப்பதைவிடப் பல படி கீழே இருக்கலாம். மாடல் எண்ணை முழுசாக எழுதித் தராத இடத்தில் கார்டு வாங்காதீர்கள். முழுசாக என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி கார்டும் இருக்கிறது, நினைவகப் பாதையை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுக்கிய 8 ஜிபி கார்டும் இருக்கிறது.

அடுத்து, “ஜிடிஏ 6 வரும்போது தயாராக இருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தீர்கள். ராக்ஸ்டார் அந்த கேமை அறிவித்தது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். பழைய கதையைப் பாருங்கள்: ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கணினிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ம் கணினிக்கு ஓராண்டு தாமதம். கணினிக்கு எப்போது வரும் என்றே தெரியாத கேமுக்காக இன்றைக்கே கார்டு வாங்கினால், அது வருகிற நாளில் உங்களிடம் இருப்பது பழைய கார்டாகத்தான் இருக்கும். இன்று விளையாடுவதற்கு இன்று வாங்குங்கள். நீங்கள் விளையாடுவது வேலரண்ட்டும் சைபர்பங்க் 2077-ம். இவை இரண்டையும் வைத்தே பேசுவோம்.

பாகம் வாங்குகிற எல்லோரும் ‘எது பெஸ்ட்?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘என் கணினியில் எது தடுக்கிறது?’ என்று கேட்பதுதான் உபயோகம். திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் பாய்கிறது என்ற கணக்கையெல்லாம் பிராசசர் முடித்துக் கொடுக்கும். அதை வாங்கிக் கார்டு வரையும். உங்கள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுசாக நிரப்ப வேண்டுமானால் இரண்டு வேலையும் சுமார் 7 மில்லிநொடிக்கு ஒரு படம் என்ற வேகத்தில் நடக்க வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், சமையல்கட்டிலிருந்து வாளி வராவிட்டால் இலை காலியாகத்தான் கிடக்கும். யார் தாமதம் என்று தெரியாமல் ஆளை மாற்றுவதில் பயனில்லை.

அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே வரும் ரிவாடியூனர் கேம் ஓடும்போதே திரை மூலையில் எண்களைக் காட்டும். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்கிற எஃப்பிஎஸ், கார்டின் உழைப்பு சதவீதம், கார்டு நினைவகம் நிரம்பிய அளவு, இந்த மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். விசிங்க்கையும் எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிடுங்கள். கேமில் கூட்டமான ஓர் இடத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நில்லுங்கள். 1080-இல் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள்; 720-இல் 9,21,600. கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடும், பிராசசரின் கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் தடை கார்டு. அசையாமல் நின்றால் தடை பிராசசர், அல்லது ராம்.

உங்கள் கணினியில் என்ன தெரியும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். சைபர்பங்கில் கார்டு 99 சதவீதத்தில் மூச்சுவாங்கும், நான்கு ஜிபி நினைவகமும் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். அந்த கேமின் குறைந்தபட்சத் தேவையையே 2023-இல் ஏற்றிவிட்டார்கள்: ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி, ராம் 12 ஜிபி, எஸ்எஸ்டி கட்டாயம். உங்களிடம் இருப்பது நான்கு ஜிபி கார்டும் எட்டு ஜிபி ராமும். வேலரண்ட்டில் நிலைமை தலைகீழ். அங்கே கார்டு அரைகுறையாகத்தான் உழைக்கும், உங்கள் பிராசசர் ரைசன் 5 2600-தான் திணறும். ஒரே கணினியில் ஒரு கேமுக்குத் தடை கார்டு, இன்னொன்றுக்கு பிராசசர். கடைக்காரரின் கொட்டேஷனில் இது எப்படித் தெரியும்?

செலவுக்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 60-இலேயே நின்றிருக்கும். அடுத்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம். உங்கள் ராம் மேல் 3000 என்று அச்சிட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கைப் போடாவிட்டால் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். சில போர்டுகளில் இதற்கு டிஓசிபி என்று பெயர்.

அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்றும் தெரியும். உங்களுக்கு ஒன்று. பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருக்க, ஒன்று சும்மா கிடக்கிறது. ஆகவே முதல் செலவு இன்னொரு எட்டு ஜிபி டிடிஆர்4, முடிந்தவரை அதே கம்பெனி, அதே வேகம். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டாவது பாதை திறக்காது. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களின் பசியால் ராம் விலை எகிறிக்கிடக்கிறது. கையிலிருக்கும் டிடிஆர்4-ஐ விட்டெறியாமல் இருப்பதே ஒரு சேமிப்பு. எஸ்எஸ்டி இல்லையென்றால் அதுவும் வாங்குங்கள். கேம் சீக்கிரம் திறக்கும், எஃப்பிஎஸ் ஏறாது.

இனி கார்டு. அதற்கு முன், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்த 450 வாட் என்கிறீர்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். கட்டம் கட்டி வோல்ட்டும் ஆம்பியரும் போட்டிருக்கும். பிராசசரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட்டிலிருந்து. அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். வெளியே கொட்டை எழுத்தில் 450 இருந்தாலும் கேமுக்கு உதவுவது இந்த 216-தான். உங்கள் 1050 டிஐ 75 வாட்டில், தனி ஒயர்கூட இல்லாமல், ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டதால் இத்தனை வருஷம் தப்பித்தது. ஆர்டிஎக்ஸ் 5060 குடிப்பது 145 வாட். நல்ல கம்பெனி 550 வாட் ஒன்று வாங்கிவிடுங்கள். ‘80 பிளஸ்’ முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதை மட்டும் சொல்லும், தரத்துக்கு உத்தரவாதம் கொடுக்காது. வாரண்டி எத்தனை வருஷம் என்றும் பாருங்கள். வீட்டு யுபிஎஸ் 600 விஏ என்றால் அது தாங்குவது பொதுவாக 360 வாட் அளவில்தான். கரண்ட் போனால் கேமை மூடிக் கணினியை அணைக்க அது போதும். மேட்சை முடித்துவிட்டு அணைக்கலாம் என்று உட்காராதீர்கள்.

கார்டைத் தேர்வு செய்யும்போது உங்கள் பி450 போர்டின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் ஸ்லாட் பிசிஐஇ மூன்றாம் தலைமுறை. புதுக் கார்டு எதுவும் அதில் வேலை செய்யும், ஆனால் கார்டு எத்தனை தடத்தில் பேசுகிறது என்பதில்தான் சங்கதி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே தடம். பழைய போர்டில் மாட்டினால் வேகம் பளிச்சென்று குறையும். அதைத் தொடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 5060 எட்டுத் தடம். நினைவகம் நிரம்பாதவரை இழப்பு கொஞ்சம்தான். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு தடமும் பேசும், 16 ஜிபியிலும் வருகிறது. பழைய போர்டுக்கு என் முதல் ஓட்டு அந்த 16 ஜிபி கார்டுக்கு. பட்ஜெட் இடித்தால் 5060. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எண் எழுதவில்லை, வாங்கும் அன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவானாலும் கார்டின் நீளத்தையும் கேபினெட்டின் உள்நீளத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பிராசசர் கடைசி. பணம் மிஞ்சினால் இப்போது, இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு. இங்கேதான் உங்கள் பழைய போர்டு கைகொடுக்கிறது. 2018-இல் வந்த அந்த பி450, பயாஸைப் புதுப்பித்தால் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐயும் ஏற்கும். இதே ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த 5800எக்ஸ்3டியைக்கூட ஏற்கும். அதே 2018-இல் இன்டெல் 300 வரிசை போர்டு வாங்கியவர்களுக்கு ஒன்பதாம் தலைமுறையோடு கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஏஎம்4-க்கும் இனி பெரிய எதிர்காலம் கிடையாது, அது உண்மை. எல்லாவற்றையும் புதிதாகவே கட்டுகிறவர் ஏஎம்5 பக்கம் போவது நல்லது. அதற்கு டிடிஆர்5 மட்டுமே ஆகும் என்பதால் உங்களுக்குப் போர்டு, ராம், பிராசசர் மூன்றும் சேர்ந்து செலவு வைக்கும். கார்டுக்குக் காசு நிற்காது.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில் வைத்து. பாதியில் கரண்ட் போனால் போர்டே முடங்கிப்போகலாம். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் மாறினால் கேட்கும். பிறகு கணினியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் அந்தச் சூட்டில் இளகும். கூலரை நேரே மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவித்து எடுங்கள். ஏஎம்4-இல் 1331 ஊசிகளும் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரே கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்து ஊசிகள் மடங்கிவிடும்.

கண்ணாடி கேபினெட் வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே காற்று கொதிக்கும்போது, முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த பெட்டிக்குள் ஃபேன் எதை இழுக்கும்? இருக்கிற கேபினெட்டின் முன்னால் ஃபேன் இடம் காலியாக இருந்தால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். தூசியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு.

ஆக, செட்டிங்கும் ராமும் முதலில். பிறகு இரண்டு கேமிலும் அந்தச் சோதனை. பிறகு எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் ஒன்றாக. பிராசசர் கடைசியில். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தில் நின்று எண்களைக் குறித்து வாருங்கள். நடுவில் எந்தப் படியிலாவது விளையாட்டு உங்களுக்கு நிறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மிச்சப் பணம் வங்கியில் இருக்கட்டும். வேலை தேடும் வருஷத்தில் அதற்கு வேறு உபயோகம் வரும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்

பி.கு.: ‘அசெம்பிள்டு பிசி – ஒன்று’ என்று ஒரே வரியில் பில் போட்டால் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். கார்டுக்கு வாரண்டி கேட்டு மூன்றாவது வருஷம் போய் நிற்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.