எஞ்சி நிற்கும் ஏழு இறாத்தல்

நம் கல்லூரி விழாவையொட்டிப் பழைய மாணவர் ஒன்றுகூடிய அன்று, எங்கள் வகுப்பினர் எழுவர் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள விழைந்தோம். முப்பது ஆண்டுகட்கு முன்னர் ஒரே வாங்கில் எழுவரும் நெருக்கமின்றி அமர்ந்து எடுத்த படம் ஒன்று எங்களிடம் உண்டு. அதே அளவான வாங்கு கொண்டுவரப்பட்டது. ஐவர் அமர்ந்ததும் வாங்கு நிறைந்துவிட்டது. இருவர் பின்னே நிற்க நேர்ந்தது. எல்லோரும் நகைத்து மகிழ்ந்தோம். பின்னர்த் தேநீர் வந்தபோது, "எனக்குச் சீனி வேண்டாம்" என நால்வர் ஒரே குரலிற் கூறினர். அந்நால்வரும் நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். நகைப்பு அவ்விடத்தே நின்றது.

விழா மலருக்குக் கட்டுரை வரையும் தமிழாசிரியன் காப்பியச் சுவையையோ சங்கச் சான்றோர் பெருமையையோ எடுத்துக்கொள்ளுதல் மரபு. இம்முறை அம்மரபினின்றும் சற்றே விலகி, உடல் எடையைப்பற்றி எழுதத் துணிந்தேன். விலகல் பெரிதன்று. திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ எனப் பெயரிட்டார். அதன் பத்துக் குறள்களுள் ஆறு, மூலிகையையோ குளிகையையோ கூறாது, உண்ணும் முறையையே கூறுகின்றன. அவ்வாறினுக்கு எழுதிய எளியதோர் உரையாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதற்கண் என் செய்தியையே கூறிவிடுகின்றேன். ஈராண்டுகட்கு முன் என் எடை 170 இறாத்தல். உயரம் 5 அடி 6 அங்குலம். உண்ணாநிலையில் எடுத்த இரத்தச் சோதனையிற் சீனி 118 மில்லிகிராம் எனக் கண்டது. 100 முதல் 125 வரை நீரிழிவின் வாயில் என்பர் வைத்தியர். இச்சொல் என்னைக் கலக்கியதற்குக் காரணம் உண்டு. தேயிலை மலையில் முப்பதாண்டு கொழுந்து பறித்த என் அன்னையார் எக்காலத்தும் 100 இறாத்தலை எட்டியவர் அல்லர். அவ்வளவு மெலிந்த அவரே நீரிழிவினால் இடது காலின் மூன்று விரல்களை இழந்தார்.

ஆதலின் உணவைக் குறைத்தேன். கொட்டகலைக் குளிரிலும் நாடோறும் வைகறையில் மூன்று மைல் நடந்தேன். எட்டுத் திங்களில் 21 இறாத்தல் குறைந்து 149இல் வந்து நின்றது. நான் குறித்த எல்லை 142. எஞ்சியவை ஏழு இறாத்தலே. அதன்பின் பதினாறு திங்கள் உருண்டோடின. அதே உணவு, அதே நடை, முள்ளோ அசையவில்லை. முதல் இருபத்தொன்று எளிதில் அகல, கடைசி ஏழு மட்டும் ஏன் அகல மறுக்கின்றன? இவ்வினாவை முறையாக ஆராய்வாம்.

தராசும் தண்ணீரும்

கொழுந்து மடுவத்தைக் கண்டு வளர்ந்தவர்க்கு ஓருண்மை தெரியும். மழைநாளிற் கொழுந்தோடு நீரும் நிறுவையில் ஏறும். தராசு இரண்டையும் பிரித்தறியாது. 100 இறாத்தல் பச்சைக் கொழுந்து தொழிற்சாலையில் ஏறக்குறைய 22 இறாத்தல் தேயிலையாகின்றது. ஏனையது பெரும்பாலும் நீரே.

உடலும் அவ்வாறே. நாம் உண்ணும் மாப்பொருளில் ஒரு பகுதி, கிளைக்கோஜன் என்னும் பொருளாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகின்றது. இச்சேமிப்பு ஏறக்குறைய ஓர் இறாத்தல்; அது தன்னோடு மும்மடங்கு நீரைப் பிணித்து வைத்திருக்கும். சோற்றையும் பாணையும் திடீரெனக் குறைத்தவர்க்கு முதல் வாரத்தில் நான்கு இறாத்தல் குறைவதன் மருமம் இதுவே. அவர் இழந்தது கொழுப்பன்று. அங்ஙனமே, திருமண விருந்துண்டு வந்த மறுநாள் மூன்று இறாத்தல் கூடினால், அதுவும் கொழுப்பன்று. எளிதிற் குறைந்ததாக நாம் மகிழ்ந்த இருபத்தொன்றில் ஒரு பகுதி, உண்மையிற் கொழுப்பின் கணக்கில் வாராதது என்பது நினைவிருத்தற்பாலது.

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் வாழ்ந்த சந்தோரியோ என்னும் வைத்தியர், தராசிலே தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, ஏறக்குறைய முப்பதாண்டுகள் தம்மையும் தாம் உண்டதையும் கழித்ததையும் நிறுத்தார். உண்டவற்றிற் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவே உடலினின்றும் நீங்குகின்றது எனக் கண்டு, 1614இல் நூலாக வெளியிட்டார். ஒருநாள் நிறுவையைக் கொண்டு மகிழ்தலும் வருந்துதலும் பேதைமை என்பது அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம்.

சிக்கனம் பயின்ற உடல்

இனி, உண்மைக் கொழுப்பின் செய்திக்கு வருவாம். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடத்தினார். போரிற் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர், போரினாற் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் ஆய்வு இது என்றறிந்து, தாமாகவே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும். அவர்தம் எடையிற் காற்பங்கு குறைந்தது. ஆனால் முதலில் விரைவாகக் குறைந்த எடை வரவரத் தளர்ந்து, ஈற்றில் ஏறக்குறைய நின்றுவிட்டது. உடல் குளிர்ந்தது, நாடித்துடிப்பு மந்தமாயிற்று, உள்ளமோ இரவும் பகலும் உணவையே எண்ணியது. வரவு குறைந்த குடும்பத் தலைவி விளக்கைத் தணித்து அடுப்பைச் சுருக்குவது போல, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது.

இதன் பொறிமுறை பின்னரே விளங்கிற்று. 1994இல் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி பிரீட்மன் குழுவினர், கொழுப்புக் கலங்களே சுரக்கும் ஓர் இயக்குநீரைக் கண்டறிந்தனர். ‘லெப்ரின்’ என்பது அதன் பெயர். கொழுப்பு மிகுந்திருக்கும்போது, "கையிருப்பு உண்டு" என மூளைக்கு உரைக்கும் தூதன் அது. கொழுப்புக் குறையத் தூதும் குறையும். மூளை அதனைப் பஞ்சம் எனக் கொண்டு, பசியைக் கூட்டிச் செலவைக் குறைக்கும். நாம் விரும்பி மேற்கொண்ட விரதத்துக்கும் நாட்டில் வந்த பஞ்சத்துக்கும் உள்ள வேற்றுமையை மூளையின் அப்பகுதி அறியாது.

அதனைக் குறை கூறல் தகுமோ? நம் முன்னோர் பலர், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்தவர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் கிடையாது இம்மலைத் தோட்டங்களிற் பலர் பட்டினியால் மாண்டனர். 1974இல் என் அன்னையாருக்கு வயது பதினாறு. கிழங்கிலையும் தேயிலைச் சாயமும் உண்டு உயிர் பிழைத்த கதையை அவர் வாயாற் கேட்டிருக்கின்றேன். அன்று அவரைக் காத்த அதே சிக்கனம், இன்று நாற்காலியில் அமர்ந்து பாடம் சொல்லும் அவர் மகனிடத்தே ஏழு இறாத்தலை விடாது பற்றி நிற்கின்றது. அது பகையன்று, பழைய காவலன், காலம் மாறியதை அறியாது வாயிலில் நிற்கின்றான்.

பத்துக் கலோரிக் கணக்கு

ஓர் இறாத்தல் கொழுப்பு 3,500 கலோரி என்பது பழைய வாய்பாடு. அதன்படி நாளொன்றுக்கு 70 கலோரி குறைத்தால் ஏழு இறாத்தலும் ஓராண்டுக்குள் மறைதல் வேண்டும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகின்றது என்பதை அவ்வாய்பாடு கருதவில்லை. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹோல் குழுவினர் 2011இல் வெளியிட்ட கணக்கு வேறு: நாள்தோறும் நிலையாக 10 கலோரி குறைத்தால், காலப்போக்கில் ஓர் இறாத்தல் குறையும், அதிற் பாதி குறைய ஓராண்டும், முழுமையை அணுக மூன்றாண்டும் ஆகும்.

இக்கணக்கின்படி 21 இறாத்தல் குறைந்த என் உடல், முன்னையினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 210 கலோரி குறைவாகவே செலவிடுகின்றது. முன்பு எடையைக் குறைத்த அதே உணவு, இன்று எடையை நிலைநிறுத்தும் உணவாகிவிட்டது. இதுவே தேக்கத்தின் முதற் காரணம்.

இரண்டாங் காரணம் இன்னும் நுட்பமானது. குறைந்த ஒவ்வொரு கிலோகிராமுக்கும் பசி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி அளவு கூடுகின்றது என ஹோல் குழுவினர் 2016இற் கணித்தனர். செலவு சுருங்குவதினும் பசி பெருகுவதே வலியது என்பது இதன் பொருள். "நான் முன்போலவே குறைத்து உண்கின்றேன்" எனச் சாதித்து வந்த நான், இதனைப் படித்தபின் ஒரு பயிற்சிக் கொப்பியில் இருவாரம் வாயிற் சென்றதனைத்தையும் குறித்தேன். ஆசிரியர் அறையில் வடை பாதி. பிள்ளைகள் மிச்சம் வைத்த ரொட்டித் துண்டு. வெள்ளிக்கிழமை கோயிற் சர்க்கரைப் பொங்கல். கூட்டம் நடக்குந்தோறும் ஒரு கோப்பை பால்தேநீர். மாணவர் கட்டுரையிற் பிழை காணும் சிவப்பு மைக்கு அன்று என் கொப்பியிலேயே வேலை மிகுந்திருந்தது. மூன்று மைல் நடந்து செலவிட்டதை, தேங்காய்ப்பூக் கலந்த பெரிய ரொட்டி ஒன்றே ஈடுசெய்துவிடும்.

எடையா, இடையா?

இத்துணையும் கூறியபின் ஒரு வினா எழுகின்றது. அவ்வேழு இறாத்தலும் அகன்றேதான் ஆகவேண்டுமோ?

142 என்னும் எல்லையை நான் எங்ஙனம் பெற்றேன் என்பதைக் கூறுவேன். எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டெண். ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும், 27.5இல் இடர் மிகும் என உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் அறிவித்தது. 170 இறாத்தலில் நான் 27.5ஐ ஒட்டி நின்றேன், 142இல் 23க்குச் சற்றே கீழ் வருவேன், இப்போது 24.

ஆனால் எண் ஒன்றே உண்மையை உரைத்துவிடாது. புனே நகர வைத்தியர் யாஜ்னிக், இலண்டன் வைத்தியர் யுட்கின் ஆகிய இருவரின் ஒப்பீடு 2004இல் வெளியாயிற்று. இருவர்க்கும் சுட்டெண் 22.3. எனினும் ஆங்கிலேயர் உடலிற் கொழுப்பு 9.1 வீதம், இந்தியர் உடலில் 21.2 வீதம். மெலிந்த தோற்றத்துள் மறைந்த கொழுப்பு நம்மவர்க்கு உண்டு. கருவிலே ஊட்டம் குன்றிப் பிறந்தோர் பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாவர் என ஹேல்ஸ், பார்க்கர் என்போர் 1992இல் விளக்கினர். மெலிந்த என் அன்னையார் ஏன் நோயுற்றார் என்பதற்கு இங்கே ஒளி கிடைத்தது.

ஆகவே எடையினும் இடை சிறந்த அளவை. தெற்காசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றர், பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றர் என்பன எல்லை. 38 அங்குலமாக இருந்த என் இடை இன்று 35 அங்குலம்; அஃதாவது 89 சென்ரிமீற்றர். முள் அசையாத பதினாறு திங்களிலும் இடைவார் ஒரு துளை உள்ளே சென்றது. கொழுப்புக் குறைந்து தசை உரம்பெற்றால், தராசு அதனைக் காட்டாது.

இதனினும் பெரியதொரு சான்று நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்பாய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்குகொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டில் 55 வீதத்தினர் நோயுற்றனர். நடையும் உணவொழுங்கும் மேற்கொண்டோருள் அது 39.3 வீதமே. வியப்பு யாதெனின், இப்பின்னவர் எடையிற் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை! தராசு கைவிட்டபோதும் நடை கைவிடவில்லை என்பதை எழுவர் வாங்கிலிருந்த என் நண்பர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

எடை நின்றுவிட்டதென உணவை மேலும் வெட்டிப் பட்டினி கிடத்தல் தகாது. பழைய காவலன் மேலும் விழிப்பான். இருவாரம் உண்பதனைத்தையும் எழுதுக. நான்கு தேக்கரண்டிச் சீனியை நீக்கினால் நாளொன்றுக்கு 60 கலோரிக்கு மேல் குறையும். மூன்றாண்டில் ஆறு இறாத்தலுக்கு அதுவே போதும். பருப்பு, கடலை, முட்டை, மீன், கீரை என்பன பசியை நெடுநேரம் தணிக்கும். கோதுமை மா ஒன்றையே நம்பற்க. நடையோடு வாரம் இருமுறை தசைக்கு உழைப்புத் தருக. மண்வெட்டியும் மலைப்படியும் நமக்கு எளிதிற் கிட்டுவன. தராசில் வாரம் ஒருமுறை ஏறினாற் போதும். இடையைத் திங்கட்கு ஒருமுறை அளக்க. எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் இந்நாளில் உண்டு. நிறுத்தியவர் பலர்க்கு எடை மீள்வதால், வைத்தியர் வழிகாட்டலின்றி அவற்றை நாடற்க. வளரும் பருவத்து மாணவச் செல்வங்களே, இக்கணக்குகள் உங்களுக்கு உரியன அல்ல. நீங்கள் வயிறார உண்டு விளையாடுங்கள்.

அண்மைச் சோதனையில் என் இரத்தச் சீனி 99 எனக் கண்டது. எடை 149தான். ஏழு இறாத்தலும் மெல்ல அகலுமாயின் நன்று. அகலாவிடினும் அவற்றோடு எனக்கு இனிப் பிணக்கில்லை. நடையை மட்டும் விடேன்.

அடுத்த விழாவின்போதும் அந்த வாங்கு வரும். எழுவரும் அதில் அமர இடம் போதாது போகலாம்; இருவர் நின்றுகொள்வோம். ஆனால் எழுவரும் வந்திருத்தல் வேண்டும்.