ஏ.சி. தட்டில் நீர் தேங்கலாமா?

ஒரு செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் செம்பின் வெளிப்பக்கம் நீர்த்துளிகள் நிற்கும். செம்பு ஓட்டையா? இல்லை. காற்றில் ஈரம் இருக்கிறது. குளிர்ந்த செம்பில் பட்டதும் அந்த ஈரம் நீராகிறது.

ஏ.சி. எந்திரத்திலும் இதுதான் நடக்கிறது. அதன் உள்ளே குளிர்ந்த குழாய்கள் இருக்கின்றன. அறைக் காற்று அவற்றில் படுகிறது. காற்றின் ஈரம் துளித்துளியாக வடிகிறது. அந்த நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு உண்டு. தட்டு நீர் ஒரு சிறு குழாய் வழியாக வெளியே போகும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம். அதனால் நீரும் அதிகமாக வடியும்.

தட்டில் தூசி படியும். பாசி பிடிக்கும். குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு நீர் வழிந்து சுவரில் இறங்கும். சுவிட்சு நனைந்தால் மின்சாரம் தாக்கும். அறையில் கெட்ட வாடை வீசும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகும். சிறிதளவு நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாறச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். தில்லியில் 1996ஆம் ஆண்டு டெங்கு பரவியது. 10,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏ.சி. ஒரு வீட்டில்தான் இருக்கும். கொசு எல்லா வீட்டுக்கும் வரும்.

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சையும் அணையுங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

2. வெளியே உள்ள குழாய் முனையைப் பாருங்கள். ஏ.சி. ஓடும்போது அதில் நீர் சொட்ட வேண்டும். ஈரமான நாளிலும் சொட்டாவிட்டால் அடைப்பு இருக்கலாம்.

3. குழாய் சரிவாக இருக்க வேண்டும். நடுவில் மேலே வளைந்தால் நீர் நின்றுவிடும்.

4. கைக்கு எட்டும் தட்டைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். சுவரில் மாட்டிய ஏ.சி.யின் தட்டு உள்ளே இருக்கும். அதை மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

5. நீரை வாளியில் பிடித்தால் தினமும் கொட்டுங்கள். வாரம் ஒரு முறை வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை பக்கங்களில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது.

இந்த நீரைக் குடிக்கக் கூடாது. தரை துடைக்கலாம். கழிப்பறைக்கு ஊற்றலாம்.

வீட்டு வேலை செய்வோர், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரின் கண்ணில்தான் இந்த நீர் முதலில் படும். கண்டவுடன் உரியவரிடம் சொல்லுங்கள். சுவிட்சு அருகே நீர் வழிந்தால் அதைத் துடைக்கப் போகாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தும்வரை தள்ளி நில்லுங்கள்.

பயிற்சி

1. தட்டில் நீர் எங்கிருந்து வருகிறது?
2. வாளியை ஏன் தேய்த்துக் கழுவ வேண்டும்?
3. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எங்கெல்லாம் நீர் தேங்குகிறது? பட்டியல் எழுதுங்கள்.