வேகம் குறைந்தால் வெப்பம் கூடும்: சிறு கடைசல் இயந்திரத்தின் மோட்டாரைக் காத்தல்

தயிரைக் கடைகிறோம், கட்டில் காலையும் கடைகிறோம். ஒன்றில் மத்து சுழல்கிறது, மற்றதில் மரமே சுழல்கிறது. சுழலும் பொருளை உளியால் சீவி உருட்டி எடுக்கும் வேலைக்குக் கடைசல் என்ற சொல் தமிழில் முன்பே உண்டு. ஆகவே 'லேத்' எனப்படும் கருவியைக் கடைசல் இயந்திரம் என்று அழைப்பதில் செயற்கை எதுவும் இல்லை. பொறியியல் மாணவர்கள் பட்டறைப் பயிற்சியில் காணும் கடைசல் இயந்திரம் நான்கைந்து பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாதது. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. வீட்டின் பின்கட்டிலோ அடுக்குமாடியின் ஓர் அறையிலோ மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும், ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள சிறு இயந்திரத்தைப் பற்றியது.

இவ்வகையில் உலகெங்கும் அதிகம் புழங்குவது, சாங்காயில் உள்ள சீக் நிறுவனத்தின் சி2 வடிவமைப்பும் அதை ஒட்டியவையுமாகும். பல நிறங்களில், பல பெயர்களில் விற்கப்பட்டாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு அங்குல விட்டமுள்ள பொருள் வரை சுழற்றலாம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குச் சிறு உறுப்புகள் செய்வோர், போட்டிக்கு ரோபோ கட்டும் குழுவினர், படிப்பை முடித்து வேலைக்குச் சென்றபின் பொழுதுபோக்காக உலோக வேலையைத் தொடர்வோர் எனப் பலரிடம் இது உண்டு. பலர் பணம் போட்டு வாங்கிய இயந்திரமாகவும் இருக்கும். மோட்டார் கருகினால் பணம் மட்டும் போவதில்லை. சுருளின் மின்காப்பு உருகியபின் அதில் பாயும் மின்சாரம் இயந்திரத்தின் இரும்பு உடலுக்கு வரலாம். நிலத்தொடர்பு சரியாக இல்லையென்றால் அந்த உடலைத் தொடுபவர் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இந்த இயந்திரங்களில் நெடுங்காலமாகப் பொருத்தப்பட்டு வருவது நிலைகாந்த நேர்மின்னோட்ட மோட்டார். வெளிக்கூட்டில் காந்தங்கள், நடுவில் செம்புக்கம்பிச் சுருள் சுற்றிய ஆர்மேச்சர், அதற்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கக் கார்பன் பிரஷ்கள். இதில் இரண்டு விதிகளை மனத்தில் நிறுத்தினால் போதும். முதலாவது, முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. உளி எவ்வளவு அழுத்தமாக வெட்டுகிறதோ அவ்வளவு மின்னோட்டம் பாயும். இரண்டாவது, சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

இவ்விரண்டிலும் வேகம் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். "மெதுவாகத்தானே ஓட்டுகிறேன், மோட்டாருக்கு என்ன சிரமம்?" என்று பலரும் கேட்பதன் பிழை இங்குதான் உள்ளது. சைக்கிளை மெதுவாக மிதித்தால் நமக்குக் களைப்பு குறைகிறது. மோட்டாரின் களைப்பு அப்படிப்பட்டதன்று. வேகத்தைக் குறைத்தாலும், அதே அழுத்தத்தில் வெட்டினால் அதே மின்னோட்டம்தான் பாயும். அதே வெப்பம்தான் உண்டாகும். ஆனால் அந்த வெப்பத்தை வெளியேற்றும் விசிறி மோட்டாரின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. தண்டு மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். வரவு அப்படியே இருக்க, செலவு மட்டும் நின்றுபோகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென்னெஃகுத் தண்டை அதிவேக எஃகு உளியால் கடைய வேண்டும். அதற்கு ஏற்ற வெட்டுவேகம் நிமிடத்திற்குச் சுமார் 25 மீட்டர். தண்டின் சுற்றளவால் வகுத்தால் நிமிடத்திற்கு 200 சுற்று என்று கிடைக்கும். வெட்டின் ஆழம் 0.5 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு உளி நகரும் தொலைவு 0.1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு ஏறத்தாழ 21 கன மில்லிமீட்டர் எஃகு சீவப்படும். ஒரு கன மில்லிமீட்டர் மென்னெஃகைச் சீவ இரண்டரை ஜூல் ஆற்றல் தேவை என்று தோராயமாக வைத்துக்கொண்டால், உளிமுனையில் வேண்டிய திறன் சுமார் 52 வாட்.

350 வாட் மோட்டாருக்கு 52 வாட் ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் அந்த 350 வாட், மோட்டார் முழு வேகத்தில் சுழலும்போது மட்டுமே கிடைப்பது. இயந்திரத்தின் தலைப்பகுதிக்குப் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். அதில் இரு கியர்கள். உயர் கியரில் சக் அதிகபட்சமாக ஏறத்தாழ 2500 சுற்று சுழலும். தாழ் கியரில் 1100. உயர் கியரில் இருந்தபடியே, வேகக் குமிழை மட்டும் திருகி 200 சுற்றுக்குக் கொண்டுவந்தால் மோட்டார் தன் முழு வேகத்தில் 8 விழுக்காட்டில்தான் ஓடுகிறது. அப்போது வரையறுக்கப்பட்ட மின்னோட்டத்திற்குள் அது தரக்கூடிய திறன் 350இல் 8 விழுக்காடு, அதாவது வெறும் 28 வாட். நமக்கு வேண்டியதோ 52. ஆகவே மின்னோட்டம் வரம்பைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்காகும், வெப்பம் மூன்றரை மடங்காகும், விசிறியோ கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலை.

இப்போது தாழ் கியருக்கு மாற்றுவோம். சக்கின் வேகம் அதே 200தான். ஆனால் மோட்டார் முழு வேகத்தில் 18 விழுக்காட்டில் ஓடும். அது தரக்கூடிய திறன் 64 வாட். 52 வாட் அதற்குள் அடங்கிவிடுகிறது. உயர் கியரில் உண்டான வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இப்போது உண்டாகும். விசிறியின் காற்றும் இரு மடங்குக்கு மேல். கியர்களில் ஏற்படும் உராய்வு இழப்பை இக்கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் முடிவு மாறாது. ஒரு காசு செலவில்லாத இந்தப் பாதுகாப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நெம்புகோலை மாற்றும்போது இயந்திரம் முழுமையாக நின்றிருக்க வேண்டும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, சக்கைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே மாற்றினால் பற்கள் தாமாகப் பொருந்தும். உள்ளே இருக்கும் கியர்கள் பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. ஓடும்போது மாற்றினால் பல் உடையும்.

சூடு சூட்டை வளர்க்கும்

மோட்டார் ஓரளவு சூடானதும் நிலைமை தானாகவே மோசமாகும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. ஃபெரைட் காந்தத்தின் வலிமையோ ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறைகிறது. சுருளும் காந்தமும் 60 பாகை சூடேறின என்று வையுங்கள். காந்தம் 12 விழுக்காடு தளர்ந்துவிட்டது. அதே முறுக்குவிசைக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அந்தக் கூடுதல் மின்னோட்டம் கூடுதல் தடையின் வழியே பாய்கிறது. இரண்டையும் பெருக்கினால், குளிர்ந்த நிலையில் உண்டான வெப்பத்தைப்போல் 1.6 மடங்கு வருகிறது. காலையில் தயக்கமின்றி ஏற்ற அதே வெட்டை, ஒரு மணி நேர வேலைக்குப் பின் மோட்டார் ஏற்கத் திணறுவது இதனால்தான்.

சுருளின்மேல் பூசிய மின்காப்புக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. ஈ வகுப்புக்கு 120 பாகை, பி வகுப்புக்கு 130, எஃப் வகுப்புக்கு 155 என்று அனைத்துலகத் தரம் வகுத்துள்ளது. மோட்டாரின் பெயர்த்தகட்டில் இந்த எழுத்தைக் காணலாம். எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு 10 பாகைக்கும் மின்காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின்மாற்றிகளை ஆராய்ந்து மொன்சிங்கர் 1930இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வழங்கிவரும் தோராய விதி. நம் ஊரில் நண்பகலில் அறையே 32 பாகை இருக்கும். குளிர்நாட்டுப் பட்டறையில் 15 பாகையிலிருந்து ஏறத் தொடங்கும் மோட்டாரோடு ஒப்பிட்டால், நம் மோட்டார் பந்தயத்தில் 17 பாகை முன்னால் நின்று ஓடுகிறது. இந்தப் பந்தயத்தில் முன்னால் நிற்பது நல்லதன்று.

ஃபியூஸ் போதாது

"ஃபியூஸ்தான் இருக்கிறதே" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். ஃபியூஸ் மின்கம்பியைக் காப்பது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் உடனே உருகும். வரம்பைவிடச் சற்றே கூடுதலான மின்னோட்டம் அரை மணி நேரம் பாய்ந்து மோட்டாரை மெல்ல வேகவைத்தால் ஃபியூஸ் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மோட்டாருக்கு வரும் ஆபத்து இரு வகை. ஒன்று மெல்ல வருவது; மற்றது நொடிகளில் வருவது. துண்டிக்கும் உளி பள்ளத்தில் சிக்கிச் சக் நின்றுவிட்டால், சுழற்சியால் உண்டாகும் எதிர் மின்னழுத்தம் இல்லாமல் போகும். அப்போது மின்னோட்டத்தைத் தடுக்கச் சுருளின் சொற்பமான தடை மட்டுமே மிஞ்சும். இந்த இரண்டாம் வகையைக் கட்டுப்பாட்டு அட்டையிலுள்ள மின்னோட்ட வரம்புதான் தடுக்க வேண்டும். அட்டையில் அதற்கென ஒரு சிறு திருகி இருந்தால், நீண்ட நேரம் வெட்ட முடியவில்லை என்று அதைக் கூட்டி வைப்பது தற்கொலைக்குச் சமம்.

மெல்ல வரும் ஆபத்துக்கு வெப்ப விசை நல்ல காவல். இரு உலோகத் தகடு வளைந்து சுற்றைத் திறக்கும் இச்சிறு விசை மின்னணுப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சாதாரண நிலையில் மூடியிருந்து, 75 அல்லது 80 பாகையில் திறக்கும் வகையைத் தேர்ந்து, மோட்டாரின் வெளிக்கூட்டில் வெப்பம் கடத்தும் பசையால் ஒட்டிக்கொள்ளலாம். 120 பாகை தாங்கும் மோட்டாருக்கு ஏன் 80? விசை ஒட்டியிருப்பது வெளிக்கூட்டில். சூடாவது நடுவில் சுழலும் ஆர்மேச்சர். இடையே காற்றிடைவெளி இருப்பதால் உள்ளே எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அதே காரணத்தால், சக் சிக்கிக்கொள்ளும் விபத்தில் இந்த விசையை நம்பக் கூடாது. கூட்டுக்குச் சூடு வந்து சேர்வதற்குள் உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

வெப்ப விசையை எங்கே இணைப்பது என்பது மிக முக்கியம். மோட்டாருக்குச் செல்லும் கம்பியில் நேரடியாக இணைத்தால், மோட்டார் ஆறியதும் விசை மூடிக்கொள்ளும். நீங்கள் சக்கில் கை வைத்து அளந்துகொண்டிருக்கும்போது இயந்திரம் தானாகச் சுழலத் தொடங்கும். மின்சாரம் போய்த் திரும்பினாலும் தானாகத் தொடங்காத, பச்சை சிவப்புப் பொத்தான்கள் கொண்ட காந்த விசை பல இயந்திரங்களில் உண்டு. அதன் காந்தச் சுருளோடு தொடராக வெப்ப விசையை இணைத்தால், ஒருமுறை நின்றது, மனிதர் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒழிய ஓடாது. ஒன்று நினைவிருக்கட்டும்: கட்டுப்பாட்டு அட்டை வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தப்பட்டதன்று. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். மின்செருகியைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் அது தங்கும். மின்னியல் படித்தவர் என்றாலும் பழக்கம் இல்லையென்றால், தகுதி பெற்ற மின்பணியாளரிடம் இந்த இணைப்பை விட்டுவிடுங்கள்.

விசிறியும் சீவலும்

மோட்டாரின் சொந்த விசிறி குறைவேகத்தில் பயன்படாது என்பதால், தனி விசிறி ஒன்றை வைப்பது நல்லது. பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறியும் அதற்கேற்ற மின்னடைப்பியும் போதும். அது எந்த நேரமும் முழு வேகத்தில் சுழலும். மோட்டார் நின்ற பிறகும் சுழலும். ஆனால் மோட்டாரின் துளை வழியே காற்றை எங்கிருந்து இழுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சக்கின் பக்கமிருந்து இழுத்தால் உலோகச் சீவலும் சேர்ந்து வரும். எஃகுச் சீவல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்புத் தூள் பிரஷ்களுக்கிடையே படிந்து மின்சாரத்தைக் கடத்தும். இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து, மெல்லிய நுரைப்பஞ்சு வழியே காற்றை உள்ளே தள்ளுவதே சரி. பஞ்சு அடைத்துக்கொண்டால் காற்றே போகாது. ஆகவே அதை மாதம் ஒருமுறையாவது தட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். சீவலுக்குப் பயந்து துளைகளை ஒட்டுநாடாவால் மூடுபவர்களும் உண்டு. திருடனுக்குப் பயந்து வீட்டில் மூச்சுவிடும் ஜன்னலையும் அடைப்பது போன்றது அது.

சுமையைக் குறைப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மழுங்கிய உளி, மையத்துக்கு மேலே நிற்கும் உளிமுனை, அளவுக்கு மீறி இறுக்கிய வார், எண்ணெய் காணாத நழுவுதளம் ஆகிய நான்கும் மோட்டாரின் திறனைத் தின்பவை. வெட்டு இல்லாமல் ஓடும்போதே மோட்டார் சூடானால் இவற்றில் பின்னிரண்டைப் பாருங்கள்.

உள்ளே எவ்வளவு சூடு என்பதை அறிய விரும்புவோர் செம்பையே வெப்பமானியாக்கலாம். காலையில், அறை 28 பாகையாக இருக்கும்போது, மின்செருகியைக் கழற்றி, மோட்டாரின் இரு கம்பிகளையும் அட்டையிலிருந்து பிரித்துத் தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுப்பது அவசியம். பிரஷ் தொடும் இடத்துக்கேற்ப அளவு மாறும். அது 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் மறுபடி அளக்கையில் 10 ஓம் வந்தால், முதல் வெப்பநிலையோடு 234.5ஐக் கூட்டி, 1.25ஆல் பெருக்கி, மறுபடி 234.5ஐக் கழிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 94 பாகை. பிரஷ்களால் சில பாகைகள் தவறலாம். ஆனால் கூட்டின்மேல் கை வைத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நம்பத்தக்கது. கைக்கு 60 பாகையே பொறுக்காது. அதற்கு மேல் 70ஆ 110ஆ என்று கைக்குத் தெரியாது.

கனமான வெட்டு முடிந்தவுடன் இயந்திரத்தை நிறுத்துவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. விசிறி நின்ற பிறகு ஆர்மேச்சரின் சூடு வெளியேற வழியின்றிக் காந்தத்திற்கும் பிரஷ் பிடிகளுக்கும் பரவும். தனி விசிறி இல்லாதவர்கள், உளியை விலக்கிவிட்டு, சக்கில் பொருள் உறுதியாகவும் நடுத்தப்பாமலும் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மோட்டாரை வேகமாக இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தலாம். அந்த நேரத்தில் துளைக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனால் வார்னிஷ் வாடை வருகிறதா என்றும் தெரிந்துவிடும். வந்தால் அன்றைய வேலை அத்துடன் முடிந்தது, மறுநாள் பிரஷ்களைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த வெட்டு.