கரையில் சில மணி நேரம்

நுழையும்முன்

சுற்றுலாக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரமே. அந்நேரத்திற்குள் குழுவின் பின் செல்லாமல், தாமே வழி தேர்ந்து ஓர் ஊரைக் கண்டு திரும்புவது ஒரு கலை. அதற்குத் திட்டம் வேண்டும். நேரக் கணக்கு வேண்டும். அவற்றினும் மேலாக, அவ்வூரில் வாழ்வோர்மீது மதிப்பு வேண்டும். இத்தாலியின் கடலோரச் சிற்றூர்களையும் இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையையும் சான்றாகக் கொண்டு அக்கலையை விளக்குகிறது இப்பாடம்.

ஆரணி தரும் பாடம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர். இங்கு நெய்யப்படும் ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. திருமணக் காலங்களில் வெளியூர் வண்டிகள் கடைவீதியில் வந்து நிற்கின்றன. வருவோர் சேலைகளைத் தேர்ந்தெடுத்து, உணவருந்தி, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். ‘ஆரணியைப் பார்த்துவிட்டோம்’ என்று ஊரில் சொல்லவும் செய்கின்றனர். ஆனால், அவர்கள் பார்த்தது கடையை மட்டுமே.

கடைவீதியைக் கடந்து நெசவாளர் தெருவுக்குள் சென்றிருந்தால் தறியின் ஓசை அவர்களை அழைத்திருக்கும். விடியற்காலையில் சென்றிருந்தால், தெருவின் நீளத்திற்குப் பாவு நீட்டி, அறுந்த இழைகளைத் தேடி முடியும் கைகளைக் கண்டிருக்கலாம். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்பவரையும், அவரருகே தார் சுற்றும் பெண்ணையும் கண்டிருக்கலாம். கருநாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் ஒரு சேலையாக மாறுவதற்குள் எத்தனை பேர் உழைப்பு அதில் கலக்கிறது என்பது புரிந்திருக்கும். விலை மிகுதி என்று வாதிடும் நாவும் சற்றே தயங்கியிருக்கும்.

நம் ஊருக்கு வருபவர் எதைக் காணாமல் செல்கிறார் என்பதை நாம் அறிவோம். அந்த அறிவே, பிறர் ஊருக்கு நாம் செல்லும்போது எதைத் தேட வேண்டும் என்பதையும் நமக்குக் கற்பிக்கிறது.

கப்பலும் கடிகாரமும்

சுற்றுலாக் கப்பல் பெரும்பாலும் இரவில் பயணம் செய்து காலையில் துறைமுகத்தை அடையும். மாலையில் மீண்டும் புறப்படும். இடைப்பட்ட பகற்பொழுதே பயணியருக்கு உரியது. அப்பொழுதைச் செலவிட இரு வழிகள் உள்ளன. ஒன்று, கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் குழுச் சுற்றுலா. மற்றொன்று, தாமே இறங்கிச் சென்று காண்பது. குழுச் சுற்றுலாவில் கட்டணம் மிகுதி, பாதுகாப்பும் மிகுதி. குழுவின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியே சென்றவர் தாமதமானால் கப்பல் காத்திராது. அவர் தம் செலவில் அடுத்த துறைமுகத்திற்குச் சென்றுதான் கப்பலேற வேண்டும்.

எனவே, தனிப்பயணியின் முதற்கடமை நேரத்தைக் கணக்கிடுவதாகும். கப்பல் காலை 8 மணிக்குக் கரையை அடைந்து மாலை 4 மணிக்குப் புறப்படுகிறது எனக் கொள்வோம். எட்டு மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். இறங்குவதற்கும் கடவுச்சீட்டுச் சோதனைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கப்பலேற வேண்டும். எதிர்பாராத தாமதத்திற்காக மேலும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். எஞ்சுவது நான்கரை மணி நேரமே. இக்கணக்கைப் போடாதவர் எல்லாவற்றையும் காண விரும்பி எதையும் காணாமல் திரும்புவார்.

ஐந்து நிலங்கள்

இத்தகைய தனிப்பயணத்திற்கு உலகப் புகழ்பெற்ற இடங்களுள் ஒன்று, இத்தாலியின் வடமேற்குக் கரையில் லிகூரியா மாநிலத்திலுள்ள ‘சிங்குவே தெர்ரே’. இப்பெயருக்கு ‘ஐந்து நிலங்கள்’ என்பது பொருள். தமிழ் பயில்வோருக்கு ஐந்திணை நினைவுக்கு வரலாம். ஆயினும், மோந்தெரொஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்னும் இவ்வைந்து ஊர்களும் மலை கடலைத் தொடும் இடத்திலேயே அமைந்தவை. குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று உரசி நிற்கும் நிலம் அது. யுனெஸ்கோ நிறுவனம் 1997ஆம் ஆண்டு இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கப்பல்கள் அருகிலுள்ள லா ஸ்பெட்சியா துறைமுகத்தில் நிற்கின்றன. அங்கிருந்து கடற்கரையை ஒட்டிச் செல்லும் தொடர்வண்டி ஐந்து ஊர்களையும் இணைக்கிறது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே சில நிமிடப் பயணமே. எனவே, ஐந்தையும் ஒரே பகலில் கண்டுவிடலாம் என்று பயணியர் எண்ணுகின்றனர். வண்டியேறி, இறங்கி, படமெடுத்து, மீண்டும் வண்டியேறுகின்றனர். மாலையில் அவர்கள் கைப்பேசியில் ஐந்து ஊர்கள் இருக்கும். மனத்தில் ஒன்றும் இராது.

கோர்னீலியாவை மட்டும் தேர்ந்தெடுத்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அது குன்றின்மேல் உள்ள ஊர். நிலையத்திலிருந்து ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும். ஏறும்போது மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த படிநிலங்களைக் காணலாம். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மண்ணைத் தாங்கி நிற்கின்றன. அச்சிறு நிலங்களில் திராட்சைக் கொடிகள் படர்ந்துள்ளன. பல நூற்றாண்டுகளாக உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியும் பழுது பார்த்தும் வந்த சுவர்கள் இவை. பயணியர் ‘இயற்கை அழகு’ என்று வியப்பது, உண்மையில் மனித உழைப்பின் அழகு.

அவ்வுழைப்பு இன்று அருகி வருகிறது. இளைஞர்கள் வேறு தொழில்களை நாடுகின்றனர். கைவிடப்பட்ட நிலங்களில் சுவர்கள் சரிகின்றன. சுவர் சரியும்போது மலைச்சரிவும் வலுவிழக்கிறது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பெய்த பெருமழையில் மோந்தெரொஸ்ஸோவிலும் வெர்னாட்சாவிலும் மலையிலிருந்து இறங்கிய சேறு தெருக்களை மூடியது. மறு ஆண்டு, ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் புகழ்பெற்ற கடலோர நடைபாதையில் பாறை சரிந்தது, பயணியர் காயமுற்றனர். அப்பாதை பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. தறியை விட்டு இளைஞர் விலகுவதை அறிந்த ஆரணி மாணவருக்கு இச்செய்தி அயலூர்ச் செய்தியாகத் தோன்றாது.

காங்கேசன்துறையில் இறங்குவோம்

இத்தகைய பயணம் தமிழர்க்கு எட்டாத ஒன்றன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் பயணம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியன அதன் நிறுத்தங்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பலும் ஓடத் தொடங்கியது. இவ்விரு கரைகளுக்கும் இடையிலான கடல் ஏறத்தாழ 110 கிலோமீட்டரே.

காங்கேயன் என்பது முருகனின் பெயர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்கான திருவுருவம் கப்பலில் வந்து இறங்கிய துறையாதலால் இது காங்கேசன்துறை ஆயிற்று என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊரின் பெயரே ஒரு கப்பல் வரவின் நினைவாக நிற்கிறது.

இங்கு இறங்கும் பயணியின்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யாழ்ப்பாண நகரம். அங்கே நல்லூர்க் கோவில், கோட்டை, பொதுநூலகம் ஆகியவை உள்ளன. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையைப் பெற்று உருவான அந்நூலகம், 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடத்தில் இன்று மாணவர்கள் அமர்ந்து படிக்கின்றனர். நகருக்குச் சென்று திரும்பவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம் என்பதால், எஞ்சும் மூன்று மணி நேரத்தில் நூலகத்தையும் இன்னோர் இடத்தையும் மட்டும் அமைதியாகக் காண்பது தகும்.

மற்றொன்று, துறைமுகத்தைச் சூழ்ந்த சிற்றூர்கள். மேற்கே சில கிலோமீட்டரில் கீரிமலை உள்ளது. கடலலை மோதும் கரையை ஒட்டியே அங்கு நன்னீர்க் கேணி ஒன்று ஊறுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுள் இறங்கித் தங்குகிறது. கிணறுகளும் கேணிகளுமே உழவுக்கும் வாழ்வுக்கும் ஆதாரம். இதை அறிந்து அக்கேணியருகில் நிற்பவர், ஒரு நிலத்தின் உயிர்நிலையையே காண்கிறார். அருகே உள்ள நகுலேச்சரம் போரில் சேதமுற்று மீண்டும் எழுப்பப்பட்ட கோவில்.

இவ்வூர்களின் ஒழுங்கைகளில் நடக்கும்போது செம்மண் தோட்டங்களும் பனைமரங்களும் கண்ணில் படும். கூரையற்ற வீடுகளும் படும். 1990ஆம் ஆண்டு இப்பகுதி மக்கள் போரினால் வெளியேற நேர்ந்தது. நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போர் முடிந்தபின் அவை பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. அந்த ஆண்டு நின்றுபோன தொடர்வண்டி, 2015ஆம் ஆண்டுதான் காங்கேசன்துறைக்கு மீண்டும் வந்தது. சிதைந்த சுவர் ஒன்றைப் பயணி படமெடுக்க முனையும்போது, அது ஒருவர் பிறந்த வீடாக இருக்கலாம். அவர் அடுத்த வளவிலேயே நிற்கவும் கூடும். கேட்டு எடுப்பதும், கேட்டபின் எடுக்காமல் விடுவதும் பண்பாடாகும்.

தெரிந்து தெளிவோம்

யாழ்ப்பாணத் தமிழில் சில சொற்கள்: ஒழுங்கை – சிறு தெரு, படலை – வேலியில் அமைந்த வாயிற்கதவு, வளவு – வீட்டைச் சூழ்ந்த நிலம், பாண் – ரொட்டி, கூறை – திருமணச் சேலை. மயிலாடுதுறையின் கூறைநாடு, கூறைப்புடவைக்குப் பெயர்பெற்ற நெசவூர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

விருந்தினரின் நெறி

காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் வேற்றுநாட்டு மக்கள் உள்ளூராருடன் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. வருபவரை ஏற்பது துறைமுக ஊரின் பண்பு. ஏற்கப்படுவதற்குத் தக்கவராக நடந்துகொள்வது வருபவரின் பண்பு. அதற்குச் சில நெறிகள் உள்ளன.

புறப்படுமுன் ஊரைப் பற்றிப் படித்தல் வேண்டும். பல இடங்களுக்கு ஓடாமல் ஓரிரு இடங்களைத் தேர்தல் வேண்டும். உள்ளூர்ப் பேருந்து, தொடர்வண்டி ஆகியவற்றின் நேரத்தையும் கட்டணத்தையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். ஆட்டோவில் ஏறுமுன் திரும்பிவரும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளல் நன்று. கடவுச்சீட்டின் படி, கப்பல் முகவரின் தொலைபேசி எண், கப்பலேற வேண்டிய நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி உடன் வைத்திருத்தல் வேண்டும்; கைப்பேசி எங்கும் துணைவரும் என்று நம்புதல் கூடாது. உணவையும் பொருளையும் உள்ளூர்க் கடைகளில் வாங்கினால், நம் வருகையால் அவ்வூருக்கும் சிறிது பயன் விளையும்.

இவற்றோடு ஒரு கேள்வியையும் உடன் எடுத்துச் செல்வோம்: ‘இவ்வூரை இவ்வூராக வைத்திருப்பது யாருடைய உழைப்பு?’ கோர்னீலியாவில் அக்கேள்வி கற்சுவரிடம் கொண்டுசேர்க்கும். கீரிமலையில் கேணியிடம் கொண்டுசேர்க்கும். ஆரணியில் தறியிடம் கொண்டுசேர்க்கும்.

கடற்பயணம் சிலருக்கே வாய்க்கலாம். இக்கேள்வியைக் கேட்பதற்குக் கப்பல் தேவையில்லை. நாள்தோறும் கடந்து செல்லும் தெருவில் ஒருநாள் நின்று, ‘உள்ளே வந்து பார்க்கலாமா?’ என்று கேட்டாலே போதும். பயணம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு நான்கு மணி நேரம் மட்டும் வந்து செல்லும் ஒருவருக்கு, நேரக் கணக்குடன் ஒரு பயணத் திட்டம் வகுத்து வகுப்பறையில் வழங்குக.

2. உங்கள் பகுதியிலுள்ள நெசவாளர், உழவர், மீனவர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைத் திரட்டிப் பொருளுடன் எழுதுக.

3. ‘பயணியர் வருகையால் ஊருக்கு விளைவது நன்மையா, இடரா?’ என்னும் தலைப்பில் இருவர் உரையாடுவதாக ஓர் உரையாடல் அமைக்க.