பட்டியலில் பெயரைத் தேடும் ரசிகர்

திரைப்பட விருதுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விருது பெற்றவரைப் பற்றியே எழுதுகின்றனர். விருதுக்குரிய பட்டியல் வெளியாகும் நாளில் அதை ஆவலோடு படிக்கும் ரசிகரைப் பற்றி எழுதுவார் இலர். ரசிகர் என்றவுடன் கட்அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞர்தான் நம் விரிவுரையாளர்கள் சிலருக்கு நினைவுக்கு வருகிறார். (இதை எழுதும்போது எனக்கும் ஒரு விரிவுரையாளரின் முகம் நினைவுக்கு வருகிறது, அவர் இக்கட்டுரையைப் படிப்பார் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.) ஆனால் ரசிகரும் ஒரு வாசகரே. அவர் ஒரு பட்டியலில் எதைத் தேடுகிறார், அதில் எது அவர் கண்ணில் படாமல் போகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருதுகள் பிறப்பதற்கு முன்பே ரசிகர்கள் பிறந்துவிட்டனர் என்பதற்கு நம் புதுக்கோட்டையே சான்று. 1916-இல் இவ்வூரில் பிறந்த பி. யு. சின்னப்பா 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடத்தில் தோன்றினார். ‘கண்ணகி’யில் கோவலனாக வந்தார். ‘ஜகதலப்பிரதாபன்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. அக்காலத்தில் தமிழ்நாடே பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. பாட்டில் யார் பெரியவர், நடிப்பில் யார் பெரியவர் என்ற வழக்கு ஊர்தோறும் நடந்தது. தீர்ப்புச் சொல்ல நடுவர் எவரும் இல்லை. சின்னப்பா 1951-இல் காலமானார். மத்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டது 1954-இல்தான். எனவே நம் ஊர்க் கலைஞருக்கு டெல்லியின் விருது கிடைக்காததில் வியப்பில்லை. கீழராஜ வீதித் தேநீர்க் கடையில் அவரைப் பற்றிப் பேசும் முதியவர்கள் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. அவர்கள் சொல்லும் குறை வேறு. அந்த மனிதர் முப்பத்தைந்து வயதில் போய்விட்டாரே என்பதுதான் அது.

சிவாஜி கணேசனின் ரசிகர்கள் இதற்கு நேர்மாறு. ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காக 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு பெற்றவர், தம் நாட்டில் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை ஒருமுறைகூடப் பெறவில்லை என்பது அவர்களது அறுபதாண்டு ஆதங்கம். இந்த ஆதங்கத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம். தேசிய விருதுகளில் தொடக்கத்தில் படங்களுக்கே பதக்கமும் சான்றிதழும் தரப்பட்டன. நடிகர், நடிகையர்க்குத் தனி விருது என்பது 1967-ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருதைப் பெற்றவர்கள் வங்காளத்தின் உத்தம் குமாரும் ‘ராத் அவுர் தின்’ படத்தில் நடித்த நர்கீசும் ஆவர். அப்படியாயின் ‘கட்டபொம்மன்’ (1959), ‘பாசமலர்’ (1961), ‘கர்ணன்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களுக்கு விருது தராமல் புறக்கணித்தார்கள் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. தருவதற்கு அப்படியொரு விருதே அன்று இல்லை. ஆனால் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘தெய்வமகன்’ (1969), ‘வியட்நாம் வீடு’ (1970) ஆகியவற்றைக் காட்டி ஒரு ரசிகர் நியாயம் கேட்டால் அதற்கு எளிதில் பதில் சொல்ல இயலாது. 1971-ஆம் ஆண்டுக்கான ‘பாரத்’ விருது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தபோது இரு தரப்பாருக்கும் மூண்ட வாதம் எங்கள் தெருவில் இன்னும் முடியவில்லை. சிவாஜிக்குத் தாதாசாகேப் பால்கே விருது 1996-ஆம் ஆண்டுக்காக வந்தது. அதைச் சொன்னாலும் அவர்கள் அமைதி அடைவதில்லை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுதல் வேண்டும். நம் தேசிய விருதில் பரிந்துரைப் பட்டியல் என்று ஒன்று முன்னதாக வெளியிடப்படுவதில்லை. தயாரிப்பாளர் படத்தை அனுப்புகிறார்; குழு பார்க்கிறது; ஒருநாள் முடிவு வெளியாகிறது. யாரோடு யார் போட்டியிட்டார் என்பது ரசிகருக்குத் தெரிய வழியில்லை. ஆஸ்கார் எனப்படும் அமெரிக்க விருதின் முறையோ வேறு. அங்கே பட்டியல்கள் பல. தகுதி பெற்ற படங்களின் நீண்ட பட்டியல் ஒன்று, சில பிரிவுகளுக்கு மட்டும் சுருக்கப் பட்டியல் ஒன்று, அதன் பின்னரே பரிந்துரைப் பட்டியல், இறுதியில் விருது. இவை நான்கும் நம் செய்தித் தலைப்புகளில் ‘ஆஸ்கார் பந்தயத்தில்’ என்ற ஒரே தொடராகிவிடுகின்றன. தேர்வு எழுத நுழைவுச்சீட்டு பெற்றவரையும் முதல் வகுப்பில் தேறியவரையும் ஒரே பெயரால் அழைப்பது போன்றது இது.

‘ஜெய் பீம்’ படத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. த. செ. ஞானவேல் இயக்கிய இப்படம் 2021 நவம்பர் 2-ஆம் நாள் இணையவழியில் வெளிவந்தது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் காவலில் கொல்லப்பட, அவர் மனைவி நீதிமன்றத்தில் போராடும் கதை. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு அவர்கள் வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய, 1993-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைத் தழுவிய வழக்கு அது. 2022 ஜனவரியில் ஆஸ்கார் அமைப்பின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் படத்தின் ஒரு காட்சி இடம்பெற்றது. அதே மாதத்தில் சிறந்த படத்துக்குத் தகுதி பெற்ற 276 படங்களின் பட்டியலிலும் அதன் பெயர் வந்தது. இந்த 276 என்பது யாரும் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண்ணிக்கை அன்று; விதிகளின்படி விண்ணப்பம் செல்லுபடியான படங்களின் எண்ணிக்கை. அதிலிருந்து பத்துப் படங்களை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வாக்களித்து எடுக்கவேண்டும். அவ்வுறுப்பினர்கள் படத்தைப் பார்ப்பதற்கே அங்கே திரையிடல், விளம்பரம், ஆள் பலம் எனப் பெரும் பொருட்செலவு ஆகும். நம்மவர் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை. நாள் குறித்துக் காத்திருந்தனர்.

பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை பட்டியல் வெளியாயிற்று. பெருந்தொற்று விடுமுறை முடிந்து கல்லூரி திறந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. நான் அப்போது இளங்கலை முதலாண்டு மாணவன். விடுதியில் ஒரே கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். பத்துப் பெயர்களையும் ஒருவர் படித்து முடித்ததும், “இந்தியாவே அனுப்பாம விட்டுட்டாங்கப்பா” என்றார் மற்றொருவர். இதுவும் உண்மைக்குப் பொருந்தாத பேச்சே. பன்னாட்டுப் படப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒரு படம் என்ற முறையில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு தேர்வு செய்து அனுப்புகிறது. அவ்வாண்டுக்கான தேர்வு 2021 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ‘ஜெய் பீம்’ அப்போது வெளிவரவே இல்லை.

அன்று அனுப்பப்பட்ட படம் எது? அதுவும் தமிழ்ப்படமே. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்ற படம். குடிகாரத் தகப்பனும் சிறுவன் மகனும் மதுரை மாவட்டத்து வறண்ட நிலத்தில், வெயிலில் நெடுந்தூரம் நடக்கிறார்கள், பெரும்பகுதி அவ்வளவுதான். அந்த வெயில் நம் மாவட்டத்தாருக்கு அறிமுகமில்லாத வெயிலா? தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் படங்களிலிருந்து 15 படங்களின் சுருக்கப் பட்டியலை டிசம்பரில் வெளியிட்டார்கள். அதில் ‘கூழாங்கல்’ இல்லை. அதற்காக எங்கள் விடுதியில் ஒருவரும் கவலைப்படவில்லை. கவலைப்படுவதற்கு முதலில் படத்தைப் பார்த்திருக்க வேண்டுமல்லவா? 2023 அக்டோபரில் இணையவழியில் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைத்தது. 1969-இல் இப்பிரிவுக்கு முதன்முதலாகச் சென்ற தமிழ்ப்படம் ‘தெய்வமகன்’. அன்று தொட்டு ‘நாயகன்’, ‘தேவர் மகன்’, ‘விசாரணை’ எனப் பல சென்றன. இந்தியப் படங்களில் ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ ஆகிய மூன்றே 2025 வரை இறுதி ஐந்துக்குள் நுழைந்தவை. அவற்றுள் தமிழ்ப்படம் இல்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். அந்த மாலையில் எல்லோரையும்விட மனம் ஒடிந்து போனவர் என் வகுப்புத் தோழர் ஒருவர். அவர் சூர்யாவின் ரசிகரும் அல்லர். ரசிகர் மன்றம் எதிலும் இல்லாதவர். “ஒனக்கு எதுக்குப்பா இவ்வளவு வருத்தம்?” என்று கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய சித்தப்பாவை ஒரு திருட்டு வழக்கில் சந்தேகத்தின் பேரில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு இரவுகள் வைத்திருந்தார்களாம். திருடியவர் வேறோர் ஊரில் அகப்பட்ட பின் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்களாம். அந்த மனிதர் அதன் பிறகு சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். தோழர் சொன்னார்: “அந்தப் படத்துக்கு அங்க பேரு வந்திருந்தா, எங்க சித்தப்பாவுக்கு நடந்தத ஊரு ஒலகம் பாத்த மாதிரி ஆயிருக்கும்.”

ரசிகர் பட்டியலில் தேடுவது நடிகரின் பெயரை மட்டும் அன்று என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். தாம் கண்டதற்குச் சாட்சி சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. உள்ளூர்ச் சாட்சி செல்லாது என்று பலமுறை கண்டவர்க்கு இந்த ஏக்கம் மிகுதியாக இருக்கும். இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்குவோருடன் நான் உடன்படேன்.

ஆயினும் அதே பட்டியலில் சற்றுக் கீழே ஆவணப்படப் பிரிவில் ஓர் இந்தியப் படம் இருந்தது. பெயர் ‘ரைட்டிங் வித் ஃபயர்’. ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் என்ற இருவர் இயக்கியது. 2002-இல் உத்தரப்பிரதேசத்தின் பந்தேல்கண்ட் பகுதியில் தொடங்கிய ‘கபர் லகரியா’ என்னும் செய்தித்தாளைப் பற்றியது. பெரும்பாலும் தலித் பெண்களே நடத்தும் ஏடு அது. அச்சிலிருந்து கைப்பேசிக்கு மாறும் காலத்தில் அவர்கள் சுரங்கத்துக்கும் சாலைக்கும் காவல் நிலையத்துக்கும் சென்று கேள்வி கேட்பதைப் படம் பின்தொடர்கிறது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் புகாரை ஏன் பதியவில்லை என்று அவர்களுள் ஒருவர் கேட்கிறார். என் தோழர் உலகம் பார்க்கவேண்டும் என்று விரும்பிய பொருள் அன்று மாலை அந்தப் பட்டியலிலேயே இருந்தது! வேறு மொழி, வேறு மாநிலம், முன்பின் அறியாத முகங்கள் என்பதால் பத்துப் பதினைந்து பேர் கண்களும் அதைத் தாண்டிப் போய்விட்டன. பட்டியலைப் படித்தவர் படத்தின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளில் அதைக் கண்டு தோழரிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். “இந்தப் பொம்பளைங்கள அங்க யாரும் அடிக்கலையா?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. விருது அப்படத்துக்குக் கிடைக்கவில்லை. மேலும், படம் தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது என்று அந்த ஏட்டினரே 2022 மார்ச்சில் அறிக்கை விட்டனர். சாட்சியைப் பற்றியும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை.

2023-இல் ‘நாட்டு நாட்டு’ பாடலும், முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய குறும்படமும் ஆஸ்கார் பெற்றன. பாட்டுக்கு எங்கள் விடுதியில் ஆட்டம் நடந்தது. தமிழ்நாட்டிலேயே எடுத்த குறும்படத்தைப் பார்த்தவர் இருவர்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் 2021-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. ‘ஜெய் பீம்’ ஒரு விருதும் பெறவில்லை. முந்திய ஆண்டு அறிவிப்பில் ‘சூரரைப் போற்று’ சிறந்த படமாகவும் சூர்யா சிறந்த நடிகருள் ஒருவராகவும் தேர்வானதைக் கொண்டாடியவர்கள் இப்போது கொதித்து எழுந்தனர். இம்முறை அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. அந்தப் படத்தில் செங்கேணியாக வந்த லிஜோமோள் ஜோஸின் நடிப்பை ஒதுக்கியதற்கு என்ன காரணம் சொல்வார்களோ அறியேன். ஆனால் அன்றைய அறிவிப்பிலும் தமிழுக்கு உரிய ஒரு பெயர் இருந்தது. சிறந்த தமிழ்ப்படமாக மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ தேர்வாயிற்று. அதில் மாயாண்டியாக நடித்த முதியவர் நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. அவர் தொழில்முறை நடிகர் அல்லர்; உழவர். படம் வெளிவருவதற்கு முன்பே மறைந்துவிட்டார். கோபச் செய்திகளுக்கிடையே எனக்கு அன்று வந்த நாற்பது ஐம்பது குறுஞ்செய்திகளில் நல்லாண்டியின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

இவற்றையெல்லாம் பேசிப் பேசி நானும் மேற்கூறிய தோழரும் ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். அடுத்த ஆஸ்கார்ப் பட்டியல் வெளியாகும் மாலையில் விடுதி மாணவர்க்கு ‘கூழாங்கல்’ படத்தைத் திரையிட விரும்புகிறோம். படம் ஒரு மணிக்கும் சற்றே கூடுதல். ஒன்றேகால் மணிக்குள் முடிந்துவிடும், இரவு உணவுக்குத் தடை வராது. பட்டியலை அதன் பிறகு எல்லாப் பிரிவுகளையும் விடாமல் உரக்கப் படிப்பதாக ஏற்பாடு. துறையின் புரொஜெக்டரைத் தந்து உதவுமாறு தமிழ்த்துறைத் தலைவர் அவர்களை இதன் வாயிலாகவும் கேட்டுக்கொள்கிறோம். ஒலிபெருக்கியில் ஒரு பக்கம் கேட்பதில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பை இயற்பியல் மாணவர் ஒருவர் ஏற்றுள்ளார்.