மிசோரம் சாலையில் ஹாரன் கேட்காது

அன்புள்ள வாசகருக்கு,

குடும்பத்தோடு காரில் மிசோரம் போக ஆசை என்றும், எல்லை மாநிலமாயிற்றே என்று வீட்டில் தயங்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். தயங்காமல் போய் வாருங்கள். சாலையில் ஒருவரை ஒருவர் நம்பி வண்டி ஓட்டுவது எப்படி என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அசாமின் சில்சாரிலிருந்து தலைநகர் ஐஸ்வால் சுமார் 180 கி.மீ. மலைப்பாதை என்பதால் ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். எல்லையில் வைரெங்டே சோதனைச் சாவடியில், மாநிலத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டான இன்னர் லைன் பெர்மிட்டைக் கேட்பார்கள். 1873ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை அது. முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தைத் தவிர்த்து விடுங்கள். அந்த மலைகளில் மண்ணின் பிடிப்பு குறைவு. 2024 மே மாதம் ரெமல் புயல் மழையில் ஐஸ்வாலின் ஓரத்தில் ஒரு கல்குவாரி சரிந்து பல உயிர்கள் போயின. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாதையும் நன்றாக இருக்கும், வானமும் தெளிந்திருக்கும்.

வைரெங்டேயைத் தாண்டியதும் இருபுறமும் மூங்கில் காடு தொடங்கிவிடும். அழகு என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த மூங்கில் மொத்தமாகப் பூக்கும். அதன் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலில் இறங்கும். 1959இல் அப்படி வந்த பஞ்சத்தில் அரசு தங்களைக் கைவிட்டதாக மக்கள் கொதித்தார்கள். பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்புதான் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியானது. 1966 மார்ச்சில் கிளர்ச்சி வெடித்தது. ஐஸ்வால் மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. அடுத்த ஆண்டு உள்ளே இருந்த கிராமங்களைக் காலிசெய்து, மக்களை இந்த நெடுஞ்சாலை ஓரமாகவே ராணுவக் காவலில் குடியேற்றினார்கள். நீங்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்தும் ஊரே கூட அப்படிக் குடியேற்றப்பட்ட ஊராக இருக்கலாம். 1986 ஜூன் 30 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் நாட்டின் 23ஆவது மாநிலமாயிற்று.

இத்தனையும் பார்த்த சாலையில்தான் இன்று ஹாரன் சத்தமே இல்லை.

ஐஸ்வால் மலை முகட்டின் மேலே நெருக்கமாகக் கட்டப்பட்ட ஊர். சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடி போலத் தெரியும் வீட்டுக்குக் கீழே, சரிவில் நாலைந்து மாடிகள் இறங்கியிருக்கும். தெருக்கள் குறுகல், வண்டிகளோ ஏராளம். மாலையில் டாவ்ர்புய் சந்தைப் பக்கம் நான் போனபோது கார்கள் நீண்ட வரிசையில் நின்றிருந்தன. எதிர்ப்புறப் பாதி சாலை காலியாகவே கிடந்தது. ஒரு வண்டிகூட அதில் ஏறவில்லை. இருசக்கர வாகனங்களும் தங்களுக்கென்று ஒரு வரிசை பிடித்துச் சென்றன. எதிரே வருபவருக்கு வழி விட்டால்தான் நமக்கும் வழி கிடைக்கும் என்ற எளிய கணக்கை அந்த ஊர் மொத்தமும் கடைப்பிடிக்கிறது.

ஐஸ்வாலோடு திரும்பிவிடாமல் கிழக்கே சம்பாய் சாலையில் செலிங் வரை போங்கள். சாலையோரம் மூங்கில் கொட்டகைகளில் காய்கறி, பழம், கீரைக்கட்டு இருக்கும். அட்டையில் விலை எழுதியிருக்கும். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. விற்பவர் இருக்க மாட்டார். மலைச்சரிவில் தன் வயலில் வேலையாக இருப்பார். சிறு விவசாயிக்குக் கடையில் ஓர் ஆளை உட்காரவைக்க வசதி இல்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டு நாம் கிளம்பலாம். அந்தக் குடும்பத்தின் அன்றைய வருமானம் முன்பின் தெரியாத நம் கையில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் கையாலேயே காசைப் போடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் மிசோ மக்களின் பிறவிக் குணம் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடக் கூடாது. இந்தப் பழக்கத்தை அவர்கள் நாள்தோறும் பேணுகிறார்கள். 1935இல் தொடங்கிய இளம் மிசோ சங்கத்துக்கு ஊர்தோறும் கிளை உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும், துக்க வீட்டில் இரவெல்லாம் உடன் இருப்பதும் அந்த இளைஞர்களின் பொறுப்பு. அடுத்தவர் துயரத்தில் தோள் கொடுத்துப் பழகிய ஊரில், சாலையில் அவரை முட்டித் தள்ள மனம் வராது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 11 லட்சம் பேர்தான் அந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். சின்ன மாநிலம் என்பதால் இது எளிது என்பார்கள். நம் ஒவ்வொரு தெருவும் அதைவிடச் சின்னதுதானே?

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் சனிக்கிழமையே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதென்றால், 2025 செப்டம்பரில் திறந்த பைராபி–சாய்ராங் ரயில் பாதை ஐஸ்வாலுக்கு அருகிலேயே கொண்டுவந்து விடும். உங்களால் முடியுமானால் சாலை வழியாகவே போங்கள். திரும்பி வந்து நம் ஊர் சிக்னலில் நிற்கும்போது, முன்னால் இருப்பவருக்கு ஒரு நிமிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்வாலிலும் யாரோ ஒருவர் முதலில் பொறுத்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உங்கள் பயணக் கட்டுரையாளர்